கடைசியில் ஓர் எண்

பத்துக் கணினிகள் என்கிறது பதிவேடு.
தட்டியதும் எழுந்தவை ஆறு.
ஏழாவதைத் திறந்தேன்: மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே
ஒரு பல்லி, காய்ந்து, தாளாகியிருந்தது.
எட்டின் கேபிளை எலி தின்றிருந்தது.
ஒன்பதும் பத்தும்
வந்த பெட்டியைவிட்டு இறங்கவே இல்லை.
அவற்றின் மேல் சத்துணவு முட்டை அட்டைகள்.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி சாலையில்
காடு தொடங்கும் வளைவில் பள்ளி.
இதுபோல் இருபத்திமூன்று பள்ளிகளுக்கு
நான் ஒருத்தி,
ஒரு ஸ்கூட்டி, இரண்டு பென்டிரைவ்,
முனை மழுங்கிய ஒரு ஸ்க்ரூடிரைவர்.

"அஞ்சு மணிக்குள்ள கிளம்பிடும்மா" என்றார்
குருராஜன் சார், புகாரைச் சொல்லும் முன்பே.
நேற்று ஒற்றைக் கொம்பன் ரோட்டில் நின்றதாம்.
பால் வண்டி அரை கிலோமீட்டர்
ரிவர்ஸிலேயே வந்ததாம்.

புகார் இதுதான்:
தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வருகிறது.
ஏழாம் வகுப்பு முனிரத்னா தன் பெயரை அடித்துக் காட்டினாள்.
ஒன்பது காலிக் கட்டங்கள்.
"பேரைவிட நீளமா இருக்கு மேடம்" என்றாள்,
அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எழுத்துரு போட இரண்டு நிமிடம்.
ஆனால் அனுமதி இல்லையாம்.
'உங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்.'
நிர்வாகி நான்தான் என்பதை
எந்தப் பொத்தானை அழுத்தி அதற்குச் சொல்ல?

கழிவறைச் சுவரோரம் ஒரு கோடு சிக்னல்.
எனக்கு முன் இந்த வேலையில் இருந்த
சென்னகிருஷ்ணனை அழைத்தேன்.
இப்போது ஓசூரில், கம்பெனியில், இரவு ஷிப்ட்.
தூக்கத்தில் எடுத்தார்.
பாஸ்வேர்டா என்றார்.
பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று
காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.
"சிரிக்கக் கூடாது.
இங்கிலீஷ் எழுத்து, தமிழ் வார்த்தை.
சம்பளம் எப்போ. சேர்த்து அடிங்க.
கடைசில மூணு."

மூன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அவர் தூங்க வேண்டும்.

ஆறு கணினிகளில் ஆறு முறை அடித்தேன்.
திரையில் அது பதின்மூன்று கறுப்புப் புள்ளிகள்,
வேறு எந்தக் கடவுச்சொல்லையும் போல.
கதவு திறந்தது.
அடுத்து. அடுத்து. ஒப்புக்கொள்கிறேன். அடுத்து.
யாரும் படிக்காத அந்த ஒப்பந்தத்துக்கு
ஆறு முறை சரி சொன்னேன்.
என் வேலை ஒப்பந்தத்தையும்
இப்படித்தான் படித்திருந்தேன்.

நாலாவது கணினி அறுபத்தேழு சதவீதத்தில் இருந்தபோது
குவாரியில் வெடி வைத்தார்கள்.
ஜன்னல் அதிர்ந்தது, யுபிஎஸ் ஒரு தடவை கீச்சிட்டது,
கரண்ட் போனது.
பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள்
எல்லா ஊரிலும் கத்துவதுபோல.
முனிரத்னா கத்தவில்லை.
இருண்ட திரையைத் தொட்டுப் பார்த்து
"அந்த அறுபத்தேழு உள்ளயே இருக்குமா?" என்றாள்.

இருக்காது.
முதலிலிருந்து.

நாலரைக்கு மேல் அவள் பெயர் வந்தது,
முழுசாக, மு-வின் சுழி முதல்.
உடனே அழித்தாள்.
மறுபடி அடித்தாள், அழித்தாள்.
இன்னொரு தடவை.
கட்டம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

ஆள் மாறினால் பாஸ்வேர்டும் மாற வேண்டும், விதி.
பழையதாகவே இருக்கக் கூடாது,
எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும்.
மூன்றை அழித்து
ஐந்து போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

'பிரச்சினை தீர்ந்தது' என்ற வரிக்கு நேராக
சார் கையெழுத்துப் போட்டார், சீலும் குத்தினார்.
"சார், அந்த ஒன்பதும் பத்தும்?"
"முட்டை இறங்கட்டும்மா, பாக்கலாம்."

ஐந்து பத்து.
மூன்றாவது வளைவில்
ரோட்டின் நடுவே சாணம்,
இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.
மூங்கில் ஒடியும் சத்தம்
இடப்பக்கமா வலப்பக்கமா தெரியவில்லை.
வண்டியை அணைத்தேன்.
விளக்கையும்.